கூவிச் சொன்ன நான்கு எண்கள்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நீயும் அங்கே வெளிநாட்டில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு, நோய்நொடி இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவைத் திறக்கிறேன். உடம்பைப் பற்றி மட்டும்தான் இப்படி எழுத முடிகிறது, மனசைப் பற்றிக் கேட்காதே. ஞாயிற்றுக்கிழமை போனில், என்னம்மா குரலே இறங்கிக் கிடக்கு, சளியா என்று கேட்டாய். சளி இல்லை கண்ணா, பதினோரு நாளாகப் பயம். அதைப் போனில் சொல்ல முடியாது. நான் போனில் பேசினால் கீழ் வீட்டு மாடிப்படி வரைக்கும் கேட்கும் என்று உனக்கே தெரியும், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா தன் மெஷினை நிறுத்திவிட்டு நம் வீட்டுப் பக்கம் காதைத் தீட்டிக்கொள்வாள். எழுத்துக்குச் சத்தம் கிடையாது என்பதால்தான் கடிதம். பக்கத்தில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து படி, பதறாமல் படி.

முதலில் உன் விஷயம். போன மாதம் சொன்னாயே, கிரெடிட் கார்டு கொடுத்த வங்கி தானாகவே லிமிட்டை உன் சம்பளத்தைப் போல நாலு மடங்கு ஏற்றிக் கொடுத்திருக்கிறது என்று, என்னவோ பதவி உயர்வு கிடைத்த மாதிரி. அதில் சோபாவும் பெரிய டிவியும் வாங்கிவிட்டு, மாசா மாசம் மினிமம் கட்டினாப் போதும்மா, மிச்சத்த மெதுவா பாத்துக்கலாம் என்றும் சொன்னாய். உங்கப்பாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது, சோபா என்று கேட்டதும் அழுக்குத் தெரியாத கலரா வாங்கச் சொல்லு என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை, போனை வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த மினிமம் கட்டுகிற ஆட்களைத்தான் நான் தினமும் பெட்ரோல் பங்க்கில் பார்க்கிறேன். நல்ல கார், நல்ல சட்டை, டேங்க்கை நிரப்பச் சொல்லிவிட்டுக் கார்டை நீட்டுவார்கள், மெஷின் முடியாது என்று காட்டும். இன்னொரு கார்டு வரும், அதுவும் முடியாது. மூன்றாவது கார்டைத் தேடும்போது அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வரும் பார், மெஷின் சரியில்ல போலிருக்கு என்பார்கள், நாங்களும் ஆமாங்க, காலையிலேருந்து சிக்னல் இல்ல என்போம். ஊற்றிய பெட்ரோலைத் திருப்பி உறிஞ்சவா முடியும். ஒருத்தர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேனேஜர் மேசையில் வைத்துவிட்டுப் போனார், பின் சீட்டில் இருந்த அவர் பெண்டாட்டி ஜன்னல் கண்ணாடியை மெதுவாக ஏற்றிக்கொண்டார். அந்தச் சிரிப்பு உன் முகத்தில் வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அப்படி ஆகமாட்டாய், தெரியும், இருந்தாலும் மினிமம் என்கிற வார்த்தையை இனிமேல் என்னிடம் சந்தோஷமாகச் சொல்லாதே. வந்த பில்லை வந்த மாதமே முழுசாகக் கட்டு, முடியாவிட்டால் சோபாவில் உட்கார்ந்தாவது யோசி.

இப்போது என் விஷயத்துக்கு வருகிறேன். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் வேலை நடக்கிற முறையிலிருந்தே சொல்கிறேன். நீ படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பங்க்கில் எல்லாம் ரொக்கம்தான், என் தோளில் தோல்பை தொங்கும். இப்போது பத்துப் பேரில் எட்டுப் பேர் கார்டு. ஆனால் அந்தக் கார்டு தேய்க்கிற மெஷினுக்கு ஆபீஸ் ஜன்னல் ஓரத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும், ரெண்டு எட்டு இந்தப் பக்கம் வந்தால் செத்துவிடும். நானோ இருபது அடி தள்ளிக் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதனால் ஜன்னல் ஓரத்தில் மெஷினோடு ஒரு ஆள் நிரந்தரமாக நிற்பார். வண்டியில் இருப்பவர் கார்டை என்னிடம் கொடுப்பார், அது கைமாறிக் கைமாறி அவரிடம் போகும். கார்டின் நாலு இலக்க ரகசிய நம்பரை, பின் நம்பர் என்கிறார்களே, அதைப் போட வண்டியை விட்டு இறங்கி நடக்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது? நம்பரை என்னிடம் சொல்வார்கள், நான் அங்கிருந்தே கூவுவேன், அவர் அழுத்துவார். முதலில் எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது, வாடிக்கைக்காரர்களுக்கும் பழகிவிட்டது. வரிசை வேகமாக நகர்ந்ததால் மேனேஜரும் கண்டுகொள்ளவில்லை. உங்கப்பாவுக்கு மர மில்லில் காது மந்தமானதிலிருந்து வீட்டில் கத்திக் கத்தி என் குரல் இப்படி ஆகிவிட்டது அல்லவா, அந்தக் குரலுக்குப் பங்க்கில் ஒரு மரியாதை கிடைத்தது. மைக் அக்கா என்று பேர் வைத்தார்கள். ஜீரோ பாத்துக்குங்க என்று நான் சொன்னால் அடுத்த குழாயில் நிற்கிற வண்டிக்காரனும் ஜீரோவைப் பார்ப்பான். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

மெஷினோடு நிற்கிறவரைப் பொறுமை என்று கூப்பிடுவோம். உன்னைவிட நாலைந்து வயது பெரியவர், ரெண்டு சின்னப் பிள்ளைகள், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எவ்வளவு கூட்டம் நின்றாலும் ஒவ்வொரு ரசீதையும் நீளவாக்கில் மடித்துத்தான் கொடுப்பார், அதனால் வந்த பேர். என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன். போன மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பேக்கரிக்கார அம்மா தன் வேனைக் கொண்டுவந்தார், நம் தெரு முனையில் பன்னும் கேக்கும் போடுகிற கடைக்காரர்தான், வாரத்துக்கு ரெண்டு தடவை வருவார். அடுப்புத் தட்டு விழுந்து வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட கையோட வண்டி ஓட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா என்று கேட்டேன், கடைய யாரு ஓட்டுறது மைக் அக்கா என்று சிரித்தார். இடது கையால் கார்டை எடுத்துக் கொடுத்தார், நம்பரைச் சொன்னார், நான் வழக்கம் போலக் கூவினேன். எட்டுப் பத்து வண்டி நின்றது. பொறுமை அழுத்தினார், ரசீதை மடித்தார், கார்டு திரும்பி வந்து அந்த அம்மா கைக்கே போனது. அவர் அதை ஸ்டீயரிங்குக்கு முன்னால் இருக்கிற பலகையில் போட்டுவிட்டு, காற்றடிக்கிற இடத்தில் வேனை நிறுத்தி, பின் டயரைக் காட்ட இறங்கினார். ஜன்னல் திறந்து கிடந்தது. அவ்வளவுதான். கார்டு போனது அவருக்குத் தெரியவே இல்லை. அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏடிஎம்மில் மூன்று முறை பணம் எடுத்து, ஒரு கடையில் ரெண்டு விலை உயர்ந்த போனும் வாங்கியிருக்கிறார்கள், எல்லாம் சரியான நம்பரைப் போட்டு. அந்த அம்மாவின் போனுக்கு ஐந்து மெசேஜும் வந்திருக்கிறது, போன் மாவு மூட்டைக்குப் பின்னால் சார்ஜில் கிடந்திருக்கிறது. அவருக்கும் உன்னைப் போலத்தான், வங்கியே லிமிட்டை ஏற்றி வைத்திருந்ததாம், நாம கேக்காமலே குடுக்கிறாங்களே என்று அவரும் சந்தோஷப்பட்டாராம். கடையின் மூன்று மாத வருமானம் போய்விட்டது.

மறுநாள் அவர் அழுதுகொண்டே பங்க்குக்கு வந்தபோதுதான் எங்களுக்கே தெரியும். வங்கிக்காரர்கள் அவரிடம், சரியான நம்பர் போட்டு எடுத்திருக்காங்க, நம்பர் வெளிய போனது உங்க பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். அவர், மெஷின்காரரிடம் மட்டும்தான் மெதுவாகச் சொன்னேன், வேறு யாருக்கும் தெரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு எல்லாப் பார்வையும் பொறுமை பக்கம் திரும்பிவிட்டது. மேனேஜர் எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டார், நம்பர் யாருக்குத் தெரியும் என்று. பொறுமை, சொன்னத அழுத்தினேன் சார் என்றார். யார் சொன்னா என்று கேட்டதற்கு ஒரு தரம் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, ஞாபகம் இல்ல சார் என்றார். அடுத்து என் முறை. கண்ணா, இதை எழுதக் கை கூசுகிறது. நான் குழாயத்தான் புடிச்சிருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதையும் மெதுவாகச் சொன்னேன், பக்கத்தில் நின்றவனுக்கே கேட்டிருக்காது. வேலை போய்விட்டால் வீட்டு வாடகை, உங்கப்பாவின் மருந்து, போலீஸ், கோர்ட்டு என்று ஒரே நொடியில் மனசு எங்கெங்கோ ஓடிவிட்டது. தினமும் முப்பது நம்பர் கூவின இடத்தில் அன்றைக்கு ஒருத்தருக்கும் எதுவும் தெரியவில்லை. பொறுமையை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள், ரெண்டு தடவை ஸ்டேஷனுக்கு வரவழைத்து உட்காரவைத்தார்களாம். இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. பின் நம்பரை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஒரு பெரிய அறிவிப்பை மேனேஜர் அச்சடித்துக் கொண்டுவந்து ஜன்னலுக்கு மேலே ஒட்டவைத்தார். அது பளபளவென்று புதுசாக இருந்தது. ரொம்ப நாளா இருக்கிற மாதிரி இருக்கணும் என்று எண்ணெய்த் துணியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தது யார் என்று நினைக்கிறாய், நான்தான். ஸ்டூல் மேல் ஏறி நின்று, மூலை மூலையாகத் தேய்த்தேன்.

நாளை மறுநாள் வங்கியிலிருந்து விசாரிக்க ஆள் வருகிறார்கள். அதற்கு முன்னால் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது, அப்புறம் எழுதுகிற நிலையில் இருப்பேனோ என்னவோ. பொறுமையின் மனைவி நேற்று என்னைக் காய்கறிக் கடையில் பார்த்தாள். வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள், நான் போகிற வரைக்கும் நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். யாராவது படியேறினால் திக்கென்கிறது. உங்கப்பாவிடமாவது சொல்லலாம் என்றால், அவரிடம் ரகசியம் பேச முடியுமா? அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னால் ஊருக்கே கேட்கும். கடைசியில் பழைய மின்சார பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரெண்டு தரம் படித்தார். படித்துவிட்டு, போய்ச் சொல்லிடு, நம்மால அந்தப் புள்ள குடும்பம் தெருவுல நிக்கணுமா என்று போட்டாரே ஒரு சத்தம், தையல்காரம்மாவின் மெஷின் அந்த நிமிஷமே நின்றுபோனது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டினேன். ஆட்டிவிட்டேனே தவிர, சொல்வேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

எழுதியதை மூன்று நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன், இப்போது மீதியை எழுதுகிறேன். போய்ச் சொல்லிவிட்டேன் கண்ணா. விசாரிக்க வந்தது ஒரு இளம் பெண், உன் வயதுதான் இருக்கும், கையில் ஒரு மெல்லிய கம்ப்யூட்டர். ஆபீஸ் அறையில் மேனேஜர், பேக்கரிக்கார அம்மா, பொறுமை மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பொறுமை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். என்னை யாரும் கூப்பிடவில்லை. குழாயை மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நானாக உள்ளே போனேன். அந்தப் பெண்ணிடம், அம்மா, நம்பர இவர்கிட்ட மெதுவா யாரும் சொல்லல, நான்தான் கூவினேன், பத்து வண்டி கேட்டுது, இங்க தினமும் அப்படித்தான் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, அந்தப் பெண் இன்னொரு முறை சொல்லுங்க என்றாள். இன்னொரு முறை சொன்னேன். மேனேஜர், அறிவிப்பே ஒட்டியிருக்கோமே மேடம், எத்தன வருஷமா இருக்கு என்று வெளியே கையைக் காட்டினார். அந்தப் பெண் எழுந்து போய் அதை ஒரு காகிதத்தால் துடைத்தாள். ஒரே இழுப்பில் பளிச்சென்று புதுசு வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினாள்.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தப் பெண் பேக்கரிக்கார அம்மாவைப் பார்த்து, நம்பர எல்லாரும் கேக்கிற மாதிரி நீங்களே விட்டிருக்கீங்க, மெதுவா ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னதா எழுதிக் குடுத்திருக்கீங்க, அப்படின்னா வங்கி பணத்தத் திருப்பித் தராதும்மா என்று சொன்னாள். நான் இதை யோசிக்கவே இல்லை. பொறுமையைக் காப்பாற்ற வாயைத் திறந்தேன், அது நேராகப் போய் இந்த அம்மாவின் தலையில் விழுந்தது. அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நீங்க கூவினது எனக்கும் தெரியும் மைக் அக்கா, கூவினதுன்னு சொன்னா காசு வராதுன்னு யாரோ சொன்னாங்க, அதான் மறைச்சேன், இத நீங்க முதல் நாளே சொல்லியிருந்தா நான் அந்தப் பொய்ய எழுதியே குடுத்திருக்க மாட்டேன் என்றார். அந்த வார்த்தை என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எல்லாரும் பயந்திருக்கிறோம், ஆளுக்கு ஒரு பக்கமாகப் பயந்திருக்கிறோம், நடுவில் அகப்பட்டவர் ஒரு வார்த்தை பேசாதவர். பொறுமையை அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். என்னிடம், கூப்பிடுறேன், அதுவரைக்கும் வீட்டுல இருங்க என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். கூப்பிடமாட்டார், எனக்குத் தெரியும். நீ உடனே பணம் அனுப்பக் கிளம்பாதே, அதிலும் கார்டில் எடுத்து அனுப்பாதே, கடன் வாங்கிக் கடனில் என்னை உட்காரவைக்காதே. தையல்காரம்மா பொத்தான் தைக்கக் கூப்பிட்டிருக்கிறாள், எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்த மனசாவது இருக்கிறது.

கேள், இனிமேல் நான் சொல்கிறபடி செய். அந்தப் பெரிய கார்டின் லிமிட்டை வங்கியில் சொல்லிக் குறைத்துவிடு, அவர்கள் ஏற்றியதற்காக நாமும் ஏற வேண்டும் என்று சட்டம் இல்லை. குறைக்க முடியுமாம், அந்த விசாரணைப் பெண்ணையே கேட்டேன். கடை கடையாக நீட்டுவதற்கு உன்னிடம் ஒரு ப்ரீபெய்டு கார்டு இருக்கிறதே, கம்பெனி கொடுத்தது என்றாயே, அதை எடு. எங்கள் பங்க்குக்கு வருகிற டாக்ஸி டிரைவர்கள் எல்லாரிடமும் அதுதான், முதலாளி அன்றன்றைக்குப் பெட்ரோலுக்கு வேண்டியதை மட்டும் அதில் போட்டுவைப்பார், தொலைந்தால் ஒரு நாள் பெட்ரோல்தான் தொலையும், குடும்பம் தொலையாது. பேக்கரிக்கார அம்மாவிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதிலும் ரொம்பப் போட்டு வைக்காதே, அது உண்டியல் இல்லை, தேதி முடிந்தால் உள்ளே இருப்பதை வாங்க நாயாய் அலைய வேண்டும் என்று ஒரு டிரைவர் புலம்பினார். மெஷினில் தொகையைப் பார்க்காமல் நம்பர் போடாதே, கார்டு உன் கண்ணை விட்டு மறையக் கூடாது, மெசேஜ் வந்தால் மாவு மூட்டைக்குப் பின்னால் போனைப் போடாதே, கையிலேயே வைத்திரு. கார்டு காணோம் என்றால் முதலில் தேடாதே, முதலில் வங்கிக்குப் போன் செய்து நிறுத்து, அப்புறம் நிதானமாகத் தேடு. எவ்வளவு நல்லவர் கேட்டாலும் நம்பரை வாயால் சொல்லாதே. உன் அம்மாவைவிட நல்லவரா அவர்?

இதோடு முடித்து உறையில் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்குள் பொறுமை வந்தார், இன்று மத்தியானம். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்து, அதெல்லாம் ஒண்ணும் வேணாம் தம்பி, நான்தான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும் என்று ஆரம்பித்தேன். அவர், அதுக்கில்லக்கா என்றார். போன லீவுக்கு நீ வந்திருந்தபோது உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வாடகைக் கார் எடுத்தாயே, பெட்ரோல் போட எங்கள் பங்க்குக்கு வந்தாயே, அதைச் சொன்னார். அன்னைக்கு நீங்க எம் பையன் வெளிநாட்டுல சம்பாதிச்ச கார்டு, பாத்துத் தேயுன்னு எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னீங்க, நம்பரயும் சொன்னீங்க, அது எனக்கு இன்னும் மனசுல இருக்குக்கா, எனக்கு இருக்குன்னா வேற யாருக்காவது இருக்கும், உங்க பையன நம்பர மாத்தச் சொல்லிடுங்க என்றார். அந்த நம்பரை என்னிடம்கூட அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன் கண்ணா. நினைவு வந்துவிட்டது. நீ என் காதில் மெதுவாகச் சொன்னாய், அது நான் பிறந்த வருஷம். என் வருஷத்தையா வெச்சிருக்கான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோய், மற்ற நாளைவிட உரக்கக் கூவினேன். பின்னால் எத்தனை வண்டி நின்றது என்று பார்க்கவே இல்லை. ரெண்டு கார்டுக்கும் ஒரே நம்பர்தான் வைத்திருக்கிறேன், மறக்காது என்று நீ போனில் சொன்னதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. ஊராருக்கு நடந்ததை உனக்குப் பாடமாக இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், என் பிள்ளையின் பூட்டைத் திறந்து வைத்தது நானேதான்.

இது வந்து சேர எட்டு நாளாகும், அதுவரைக்கும் என்னால் பொறுக்க முடியாது. இதை ஒட்டிவிட்டு உனக்குப் போன் செய்வேன். ரெண்டு கார்டின் நம்பரையும் இந்த நிமிஷமே மாத்து என்று மட்டும் சொல்வேன், ஏன் என்று நீ கேட்பாய், சொல்லமாட்டேன், காரணத்தை இதில் படித்துக்கொள். கோபம் வந்தால் ரெண்டு நாள் பேசாமல் இரு, மூன்றாம் நாள் பேசு. நீ தீர்க்காயுசாக, யாருக்கும் பயப்படாமல், கையில் உள்ளதை வைத்து நிறைவாக வாழ வேண்டும், கடவுள் உன் கூடவே இருக்கட்டும். உங்கப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், சோபா என்ன கலர் என்று கேட்கவும் சொன்னார். மறக்காதே, ரெண்டு கார்டுக்கும் வேறு வேறு நம்பர். மாற்றிவிட்டேன் என்று ஒரு வார்த்தை போதும், என்ன நம்பர் என்று எனக்குச் சொல்லாதே, நான் கேட்டாலும் சொல்லாதே. நான் பிறந்த வருஷமும் வேண்டாம், உங்கப்பா பிறந்ததும் வேண்டாம். எங்களோடு ஒரு சம்பந்தமும் இல்லாத நம்பராகப் பார்த்து வை.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா